மஞ்சள் கடுதாசி கொடுக்க உண்மையில் எவ்வளவு செலவாகும்? டெல்லித் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரில் ஒருவர் கடனில் மூழ்கிப்போனால் "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "ஐ.பி. போட்டுட்டார்" என்பார்கள். இன்சால்வன்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கம்தான் அந்த ஐ.பி. இரண்டையும் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நம் வழக்கம். அதனாலேயே இதைப் பற்றி யாரிடமும் கேட்க முடியாமல், தெரியாத வழியில் பணத்தை இறைத்துவிட்டு நிற்பவர்களை மயூர் விஹாரிலும் திரிலோக்புரியிலும் நான் பார்த்திருக்கிறேன்.

என் அத்தை மகனும் அப்படி நின்றார். நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். டெல்லியில் தமிழ்க் கல்யாணங்களுக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தியவர். 2020-ல் ஊரடங்கு வந்ததும் தொழில் ஒரே வாரத்தில் நின்றது. கார்டு, பெர்சனல் லோன், கைமாற்று, சீட்டுத் தவணை எல்லாம் ஒன்றாகக் கழுத்தைப் பிடித்தன. ஒரு நாள் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து, "திவால்னு கோர்ட்ல எழுதிக் கொடுக்க எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல மாதம் பிடித்தது. கோர்ட்டுக்குக் கட்டுவது இதில் மிகச் சின்னத் தொகை. மனு போட்டால் எந்தக் கடன் போகும், எது போகாது, அதற்குப் பதிலாக எதை இழப்பீர்கள் என்பதில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கை மனு போடுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்

2016-ல் வந்த திவால் சட்டத்தைப் பற்றித்தான் வீடியோக்களில் எல்லோரும் பேசுகிறார்கள். அதில் ஏழைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள் இருந்தால் புதிதாகத் தொடங்கலாம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கே வரவில்லை. அந்தச் சட்டத்தின் தனிநபர் அத்தியாயம் 2019 டிசம்பர் 1 முதல் ஒரே ஒரு வகையினருக்கு மட்டும்தான் ஓடுகிறது. கம்பெனி வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

சம்பளக்காரர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், கேட்டரிங் நடத்துபவர் என்று மற்ற எல்லோருக்கும் டெல்லியில் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, வழக்கும் உயர் நீதிமன்றத்தில் நடக்கும். சென்னையில் இருக்கும் சித்தப்பா சொல்லும் அனுபவம் இங்கே அப்படியே பொருந்தாததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். மயூர் விஹார்காரர்களுக்கு கர்கர்டூமா, கரோல் பாக்காரர்களுக்கு தீஸ் ஹசாரி. டெல்லியில் தொழில் செய்யாத நொய்டா, இந்திராபுரம், குருகிராம்காரர்கள் டெல்லி கோர்ட்டுக்கு வந்து பயனில்லை, உங்கள் மாவட்டம் வேறு மாநிலத்தில் இருக்கிறது.

தகுதி என்று பார்த்தால், கடனைக் கட்ட முடியாத நிலையில் இருக்க வேண்டும். அதோடு, கடன் 500 ரூபாயாவது இருக்க வேண்டும், அல்லது பணத் தீர்ப்பு ஒன்றுக்காக நீங்கள் கைதாகியிருக்க வேண்டும், அல்லது உங்கள் சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். 500 ரூபாய் என்பது 1920-ன் கணக்கு. அதை யாரும் மாற்றவில்லை.

படி 1: கடன்களை மூன்று கட்டாகப் பிரித்து வையுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது வாங்கியது, என்ன எழுதிக் கொடுத்தோம், செக் கொடுத்தோமா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நினைவிலிருந்து மட்டும் எழுதாதீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கிரெடிட் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் எடுங்கள். அத்தான் மறந்தே போயிருந்த ஒரு ஆப் கடன் அதில்தான் தெரிய வந்தது.

முதல் கட்டு, போகக்கூடிய கடன்கள். பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு, ஆப் கடன், நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று, கடைப் பாக்கி போன்றவை. அடமானம் இல்லாத இவற்றிலிருந்து, கடைசியில் விடுவிப்பு உத்தரவு வரும்போது நீங்கள் வெளியே வரலாம்.

இரண்டாவது கட்டு, அசையாத கடன்கள். வீட்டுக் கடன், கார் லோன், நகைக் கடன் மூன்றும் அடமானம் வைத்து வாங்கியவை. அடமானம் வைத்திருக்கும் வங்கியின் உரிமையைத் திவால் உத்தரவு தொடவே தொடாது. நகையை ஏலம் விடலாம், காரை எடுத்துப் போகலாம், அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் வீட்டுக்கு 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வருமான வரியும் ஜி.எஸ்.டி. பாக்கியும் விடுவிப்பில் போகாது. ஏமாற்றி வாங்கிய கடன் போகாது, மனைவி மக்களுக்குக் கோர்ட் விதித்த ஜீவனாம்சமும் போகாது.

மூன்றாவது கட்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். செக் கொடுத்து வாங்கிய கடன்கள் அவை. கடன் போனாலும் செக் பவுன்ஸ் வழக்கு தனியாக நிற்கும். அது குற்றவியல் வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறையோ செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ விதிக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் இ.எம்.ஐ. பணமில்லாமல் திரும்பினாலும் வேறொரு சட்டத்தின் கீழ் அதே தண்டனை உண்டு. கூடக் கையெழுத்துப் போட்ட மனைவி, ஜாமீன் நின்ற மச்சான் ஆகியோரும் இந்தக் கட்டில்தான் வருகிறார்கள். நீங்கள் விடுபட்டாலும் அவர்கள் விடுபட மாட்டார்கள், வங்கி நேரே அவர்கள் வாசலுக்குப் போகும்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பெர்சனல் லோன் 6 லட்சம், கார்டுகள் 2.4 லட்சம், ஆப் கடன் 70,000, செக் கொடுத்து வாங்கிய கைமாற்று 1.5 லட்சம், கார் லோன் 3 லட்சம், நகைக் கடன் 1.8 லட்சம், ஜி.எஸ்.டி. பாக்கி 60,000. மொத்தம் 16 லட்சம். இதில் சுத்தமாகப் போகக்கூடியது 9.1 லட்சம்தான். 1.5 லட்சத்தில் கடன் போகும், செக் வழக்கு நிற்கும். 5.4 லட்சம் அப்படியே இருக்கும். ஆக, இவர் எடுக்க வேண்டிய முடிவு 9.1 லட்சத்துக்காகத் திவால் ஆவதா என்பது. 16 லட்சமும் போய்விடும் என்ற நினைப்பில் கோர்ட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உங்கள் நோட்டில் இரண்டாவது, மூன்றாவது கட்டுகள்தான் பெரிதாக இருக்கின்றன என்றால், இந்த வழி உங்களுக்கு அதிக உதவி செய்யாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

படி 2: வேலை போகுமா என்று பாருங்கள்

டெல்லித் தமிழர்களில் மத்திய அரசு ஊழியர்கள் நிறையப் பேர் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் 17-ஆவது விதி, ஊழியர் கடனாளியாகாமல் தன் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. கடன் வசூல் வழக்கோ திவால் வழக்கோ வந்தால் அதை உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடன் வந்தது உங்கள் கையை மீறிய காரணத்தால்தான், ஊதாரித்தனத்தால் அல்ல என்று காட்டுவதும் உங்கள் பொறுப்பு. மறைத்தால் அது தனிக் குற்றச்சாட்டாகும்.

வங்கி ஊழியர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திவாலானவர் என்று ஒரு காலத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால்கூட அவரை வங்கி வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. பிறகு விடுவிப்பு கிடைத்தாலும் அந்த வாசகம் உங்களைப் பிடிக்கும். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய செலவு இருக்க முடியாது.

விடுவிப்பு வாங்காத திவாலானவர் கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. மனு நிலுவையில் இருந்தாலே டைரக்டராக நியமிக்க முடியாது. கூட்டு வணிகத்தில் பார்ட்னராக இருந்தால், உத்தரவு வந்த தேதியிலேயே பார்ட்னர் உரிமை போய்விடும். எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர் பதவிகளும் கிடையாது.

படி 3: எது போகும், எது உங்களிடமே இருக்கும்

உத்தரவு வந்ததும் உங்கள் சொத்து முழுவதும் கோர்ட்டின் அல்லது கோர்ட் நியமிக்கும் ரிசீவரின் கைக்குப் போகும். டெல்லியில் இருப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள். திருநெல்வேலியில் அப்பா பெயரிலிருந்து வந்த அரை ஏக்கரும், தஞ்சாவூர் வீட்டில் இருக்கும் உங்கள் பங்கும் இதில் சேரும். விடுவிப்பு வரும்வரை புதிதாகக் கிடைக்கும் சொத்தும் சேரும்.

சட்டம் தொடாத பொருள்களும் இருக்கின்றன. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றைத் தொடக் கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையை எடுக்கக் கூடாது, அதாவது தாலி. கைவினைஞரின் கருவிகள், அரசு பென்ஷன், உங்கள் பெயரில் இருக்கும் ஆயுள் காப்பீட்டுத் தொகை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பி.எஃப். பணத்தைத் திவால் ரிசீவர்கூடக் கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. கடன் கட்டுவதற்காக பி.எஃப். பணத்தை வெளியே எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சட்டம் காப்பாற்றும் சேமிப்பை நீங்களே கரைத்துவிடாதீர்கள்.

சம்பளத்துக்கும் கணக்கு இருக்கிறது. முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு. சம்பளம் 40,000 என்றால் 1,000 போக 39,000, அதில் 26,000 உங்களுடையது. ஆக 27,000 பத்திரம், 13,000-ல்தான் கை வைக்க முடியும்.

அப்புறம், தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். மனு போடுவதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதுவது, ஊர் நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்றுவது. திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இப்படி இனாமாகக் கொடுத்ததை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சாதகமாகப் பணம் கொடுத்திருந்தாலும் அதே கதிதான். மோசடி நோக்கத்தோடு சொத்தை மறைத்தால் ஒரு ஆண்டு வரை சிறை. வில்லங்கச் சான்றும் பட்டாவும் இன்று ஆன்லைனில் கிடைப்பதால், மறைத்தது வெளியே வர நாளாகாது.

படி 4: அதைவிட மலிவான வழிகளை முதலில் தட்டிப் பாருங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றிலும் கோர்ட் கட்டணம் இல்லை.

வங்கியிடம் நேரே எழுத்தில் செட்டில்மென்ட், அதாவது குறைத்த தொகையில் கடனை முடித்துக்கொள்ளக் கேட்கலாம். வங்கிகள் சமரசம் செய்துகொள்ள முறையான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ல் சொல்லியிருக்கிறது. தொலைபேசியில் சொல்லும் தொகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகையும் தேதியும் வந்த பிறகே கட்டுங்கள், கட்டியதும் நோ டியூஸ் கடிதம் வாங்குங்கள். இதற்கும் விலை உண்டு: கிரெடிட் அறிக்கையில் "செட்டில்டு" என்று நிற்கும், அது பல ஆண்டுகள் புது லோன் கிடைப்பதைக் கடினமாக்கும்.

லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றம் இரண்டாவது வழி. வழக்கு போடுவதற்கு முன்பே வங்கி உங்களை அங்கே கூப்பிட்டால் பயந்துகொண்டு அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். அங்கே எழுதும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் உங்களால் உண்மையிலேயே கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

மூன்றாவது வழி, புகார் கொடுப்பது. வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. உறவினரையும் அலுவலகத்தையும் அவமானப்படுத்தக் கூடாது. செய்தால் முதலில் வங்கிக்கு எழுதுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் கொடுங்கள். பலர் திவாலைப் பற்றி யோசிப்பதே இந்த போன் தொல்லை தாங்காமல்தான். தொல்லையை நிறுத்தத் திவால் ஆக வேண்டியதில்லை.

இங்கே எங்கள் தவறையும் சொல்லிவிடுகிறேன். "உங்க எல்லாக் கடனையும் பாதியாக்கித் தர்றேன்" என்று சொன்ன ஒரு ஏஜென்டிடம் அத்தான் முன்பணமாக 40,000 ரூபாய் கொடுத்தார். வங்கிக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. அந்தப் பணத்தில் ஒரு சின்ன கார்டு கடனை முடித்திருக்கலாம். வங்கியிடம் செட்டில்மென்ட் பேச நடுவில் ஆள் தேவையில்லை. முன்பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

சிறை பயமும் பலரை அவசரப்படுத்துகிறது. பணத் தீர்ப்புக்காகச் சிவில் சிறையில் வைப்பது அதிகபட்சம் மூன்று மாதம். அதுவும் வசதி இருந்தும் கட்ட மறுப்பவருக்குத்தான். வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையில் போடக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. இதைத் தெரியாமல் எத்தனை பெண்கள் தூக்கமில்லாமல் இருக்கிறார்கள்!

படி 5: கோர்ட் செலவு, ஒவ்வொன்றாக

இத்தனைக்கும் பிறகு மனு போடுவதுதான் சரி என்று தோன்றினால், செலவுகள் இப்படி வரும்.

கோர்ட் ஃபீஸ். பணம் கேட்டு வழக்கு போடுபவர் தொகைக்கு ஏற்றபடி கட்ட வேண்டும், திவால் மனுவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கடன் 2 லட்சமானாலும் 2 கோடியானாலும் ஒரு சிறிய நிலையான கட்டணம்தான். டெல்லியில் இ-கோர்ட் ஃபீஸாக வாங்கி மனுவோடு இணைப்பார்கள். வக்காலத்துக்கும் பிரமாணப் பத்திரங்களுக்கும் சில்லறைச் செலவு இருக்கும்.

நோட்டீஸ் செலவு. இது கடன்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒவ்வொருவருக்கும் கோர்ட் மூலம் நோட்டீஸ் போக வேண்டும், அதற்குப் பி.எஃப். கட்ட வேண்டும். கோர்ட்டில் பி.எஃப். என்றால் பிராசஸ் ஃபீஸ், பிராவிடண்ட் ஃபண்ட் இல்லை. 5 பேர் என்றால் பெரிய தொகை இல்லை. 20 பேர், அதில் பாதிப் பேருக்கு விலாசம் சரியில்லை என்றால் நோட்டீஸ் திரும்பி வரும், மறுபடி கட்ட வேண்டும், அடுத்த தாரீக், அதாவது விசாரணைத் தேதி, இரண்டு மாதம் தள்ளிப் போகும். எங்கள் முதல் வக்கீல் வங்கிகளின் பழைய கிளை விலாசங்களைப் போட்டுவிட்டார். ஐந்து நோட்டீஸ் திரும்பி வந்தன. அதில் போன மாதங்கள் காசைவிட அதிகமாக வலித்தன. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பதிவு அலுவலக விலாசம், லோன் கொடுத்த கிளை விலாசம் இரண்டையும் மனுவிலேயே எழுதுங்கள்.

பத்திரிகை விளம்பரம். நோட்டீஸ் சேராதவர்களுக்காக நாளிதழில் விளம்பரம் போடச் சொன்னால் அந்தச் செலவு உங்களுடையது. சில்லறைச் செலவுகளில் பெரியது பெரும்பாலும் இதுதான். விலாசங்கள் சரியாக இருந்தால் இதைத் தவிர்க்க முடியும்.

மொழிபெயர்ப்பு. நம்மவர்களுக்கு மட்டும் வரும் செலவு இது. தமிழில் எழுதிய புரோநோட், ஊர்க் கிரயப் பத்திரம், சீட்டுக் கணக்குப் புத்தகம் எதையும் டெல்லி கோர்ட்டில் அப்படியே கொடுக்க முடியாது, ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வக்கீலோடு உட்கார்ந்து, மனுவுக்குத் தேவையான பக்கங்களை மட்டும் பிரித்துக் கொடுங்கள். கிரயப் பத்திரம் என்றால் நான்கு எல்லை விவரமும் சர்வே எண்ணும் உள்ள பக்கங்கள் முக்கியம்.

வக்கீல் ஃபீஸ். கையிலிருந்து போவதில் பெரிய தொகை இது. திவால் மனு நடத்திய அனுபவம் உள்ளவர்கள் குறைவு, அதனால் மூன்று பேரிடமாவது கேளுங்கள். "இதுக்கு முன்னாடி எத்தனை ஐ.பி. நடத்தியிருக்கீங்க? விடுவிப்பு உத்தரவு வரைக்கும் போனது எத்தனை?" என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு தாரீக்குக்கும் தனிக் கட்டணம் பேசுபவரிடம், வழக்கு நீள நீள உங்கள் செலவு ஏறும். மனு தாக்கல், திவால் உத்தரவு, விடுவிப்பு என்று மூன்று கட்டமாகப் பிரித்து எழுதி வாங்குவது நல்லது. முன்ஷிக்கு, அதாவது வக்கீலின் குமாஸ்தாவுக்கு, கொடுக்கும் டைப்பிங், ஜெராக்ஸ் செலவு அதில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ரிசீவர் ஊதியம். கோர்ட் நிர்ணயிக்கும், பெரும்பாலும் உங்கள் சொத்தை விற்ற பணத்திலிருந்தே எடுப்பார்கள். உங்கள் பையிலிருந்து தனியாகப் போகாது, ஆனால் கடன்காரர்களுக்குப் போய்ச் சேரும் பங்கு குறையும்.

எழுதாமல் விடும் செலவு ஒன்று இருக்கிறது, நாள் கூலி. தாரீக் நாளில் காலையில் போய் மதியம் வரை நிற்க வேண்டியிருக்கும். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு தாரீக்கும் ஒரு நாள் சம்பளம். வழக்கு ஆண்டுக் கணக்கில் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இதையெல்லாம் கட்ட வழியில்லை என்றால் கவலைப்படாதீர்கள், சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட் ஃபீஸ், நோட்டீஸ் செலவு, நகல் செலவு எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அலுவலகம் இருக்கிறது. டெல்லி உதவி எண் 1516, தேசிய எண் 15100. இது பிச்சை இல்லை, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

படி 6: மனுவும் விசாரணையும்

மனுவில் கடனைக் கட்ட முடியவில்லை என்ற வாக்குமூலம், எல்லாக் கடன்காரர்களின் பெயர், விலாசம், தொகை, எல்லாச் சொத்தும் அவற்றின் மதிப்பும், விலக்கு உள்ளவை தவிர மற்றதைக் கோர்ட்டிடம் ஒப்படைக்கச் சம்மதம், இதற்கு முன் மனு போட்டதுண்டா என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். கைமாற்று வாங்கிய நண்பரின் பெயரைச் சங்கடத்தால் விட்டுவிடாதீர்கள். "அவரை மட்டும் விட்டுடலாமே" என்று அத்தானும் கெஞ்சினார். விடக் கூடாது.

மனு போட்ட உடனே எல்லாம் நின்றுவிடாது. திவால் உத்தரவு வந்த பிறகுதான் கடன்காரர்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் வழக்கு போட முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்றால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். உத்தரவு அரசிதழில் வெளியாகும், அதாவது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடன்காரர்களில் பெரும்பான்மையினரும், கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கு வைத்திருப்பவர்களும் சம்மதித்தால், நடுவிலேயே ஒரு சமரசத் திட்டத்தைக் கோர்ட் மூலம் முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பெரிய தொகை இரண்டு மூன்று வங்கிகளிடம் மட்டும் இருந்தால் இதைக் கட்டாயம் முயன்று பாருங்கள்.

கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு

உங்கள் பாதை வேறு. லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில் இருக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்தான் உங்கள் கோர்ட். விண்ணப்பக் கட்டணம் 2,000 ரூபாய், ஆனால் தீர்வு நிபுணரின் கட்டணமும் வக்கீல் செலவும் அதைப் பல மடங்கு தாண்டும். கம்பெனிக்குத் தீர்வுத் திட்டம் வந்துவிட்டது, நான் தப்பித்தேன் என்று இருந்துவிடாதீர்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு அதனால் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

படி 7: விடுவிப்பு, எல்லோரும் மறக்கும் படி

திவால் உத்தரவு வந்ததும் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முடியவில்லை. எந்தக் காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கும். அதைத் தவறவிட்டால் உத்தரவு ரத்தாகும், பாதுகாப்பெல்லாம் போய்விடும், கோர்ட் அனுமதி இல்லாமல் மறுபடி மனு போடவும் முடியாது. அதுவரை செலவழித்தது அத்தனையும் வீண். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

கோர்ட் முழு விடுவிப்பு தரலாம், தள்ளிப் போடலாம், எதிர்கால வருமானத்தில் ஒரு பங்கு கட்டு என்று நிபந்தனை போடலாம், மறுக்கவும் செய்யலாம். சொத்து மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாவுக்குக் குறைவாக இருந்து, அது உங்கள் கையை மீறிய காரணத்தால் என்று காட்ட முடியாவிட்டால் முழு விடுவிப்பு கிடைக்காது. தொழில் செய்தவர் கடைசி மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகம் வைத்திருக்காதது, கட்ட முடியாது என்று தெரிந்தே கடன் வாங்கியது, சூதாட்டம், கண்மூடித்தனமான ஊக வணிகம் போன்றவையும் முழு விடுவிப்பைத் தடுக்கும். ஆன்லைன் ரம்மியிலும் ஆப்ஷன் டிரேடிங்கிலும் பணம் போனவர்கள் இதை மனு போடும் முன்பே வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தானுக்குக் கைகொடுத்தது அவர் வைத்திருந்த பழைய புக்கிங் நோட்டுகள்தான். 2020-ல் ரத்தான கல்யாணங்களின் தேதியும் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸும் அதில் ஒவ்வொன்றாக இருந்தன.

விடுவிப்பு வரும்வரை, நீங்கள் திவாலானவர் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். மளிகைக் கடைக் கணக்குகூட இதில் வரும். ரொக்கமாக வாங்கிப் பழகுங்கள்.

உத்தரவு கிடைத்ததும் அதன் சான்றிட்ட நகல் நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு நகலோடு கடிதம் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து நான்கு கிரெடிட் அறிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள், பழைய கடன் இன்னும் பாக்கி என்று நின்றால் திருத்தக் கேட்டு எழுதுங்கள். திருத்தம் கேட்கக் கட்டணம் இல்லை. 30 நாளுக்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.